நடக்காததை எப்படி எண்ணுவது? கால்பந்துத் தடுப்பாட்டமும் புள்ளிவிவரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் சாயங்கால நேரத்தில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுக்கிறேன். அதற்கு முன் சென்னை லீக்கின் கீழ் டிவிஷன்களில் ஸ்டாப்பர் பேக்காக, அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவனாக, பல வருடம் ஆடினேன். இப்போது எங்கள் அணியின் ஒவ்வொரு மேட்சுக்கும் நோட்டு எழுதுகிறேன். பையன்கள் கைப்பேசியில் ஏதாவது ஒரு ஆப்பைத் திறந்து, "அண்ணா, இவருக்கு டேக்கிள் இவ்வளவு, ரேட்டிங் இவ்வளவு, அப்போ இவர்தானே பெஸ்ட் டிஃபெண்டர்?" என்று கேட்கிறார்கள். டேக்கிள் என்றால் எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது. அவர்களுடைய அப்பாக்களும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

குறைவாகக் கோல் வாங்கிய அணிதானே நல்ல டிஃபென்ஸ்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒரு முழு சீசனுக்கு அதுதான் முதல் கணக்கு, தப்பில்லை. 2004-05 சீசனில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் செல்சி 38 மேட்சில் மொத்தமே 15 கோல்தான் வாங்கியது. இந்த அளவுக்கு வித்தியாசம் இருந்தால் வேறு எந்தக் கணக்கும் தேவையில்லை. அது அதிர்ஷ்டத்தில் வராது.

சிக்கல் நடுவில் இருக்கும் அணிகளில்தான். கால்பந்தில் கோல் என்பதே அரிது. ஒரு மேட்சில் ஒரு அணி ஒன்றோ இரண்டோ வாங்கும். எண்ணுகிற பொருள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிதாகிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024-25 ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) ஒவ்வொரு அணிக்கும் 24 லீக் மேட்ச். ஒரு அணி எதிரிக்கு விடும் வாய்ப்புகளின் தரத்தைப் பார்த்தால் மேட்சுக்குச் சராசரியாக 1.25 கோல் வாங்க வேண்டிய டிஃபென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சீசனுக்கு 30 கோல். அதே ஆட்கள் அதே தரத்தில் அந்த சீசனை மறுபடி மறுபடி ஆடினால், மூன்றில் இரண்டு முறை 25-க்கும் 35-க்கும் நடுவில் எங்கேயோ நிற்பார்கள். மீதி ஒரு முறை அதற்கும் வெளியே போய்விடும். ஆக, 26 வாங்கிய அணியையும் 33 வாங்கிய அணியையும் அட்டவணையில் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்று பாறை, இன்னொன்று ஓட்டை என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே டிஃபென்ஸாகவே இருக்கலாம்.

பர்ன்லி கதையைப் பையன்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன். 2017-18-ல் அந்தச் சின்ன அணி பிரீமியர் லீக்கில் 39 கோல் மட்டுமே வாங்கி ஏழாவதாக வந்தது. பயிற்சியாளர் ஷான் டைச், நடுவில் ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கியும் பென் மீயும். அடுத்த சீசனில் அதே பயிற்சியாளர், நடுவில் அதே இருவர். வாங்கிய கோல் 68, வந்த இடம் பதினைந்து. ஒரு வருடத்தில் யாருக்கும் டிஃபென்ஸ் மறந்துவிடாது. பர்ன்லியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது, கொஞ்சம் கீழே வருகிறேன்.

கோலே வாங்காத மேட்சுகளை, அதாவது கிளீன் ஷீட்டை, எண்ணினால்?

கோல் எண்ணிக்கையில் உள்ள அதே குறை இன்னும் கூடுதலாக வரும். 89 நிமிடம் அருமையாகத் தடுத்துவிட்டு ஒரு கோல் வாங்கினாலும் கணக்கு போச்சு. எதிரி மூன்று முறை கம்பத்தில் அடித்து ஏமாந்தால் கிளீன் ஷீட் கிடைத்துவிடும். 2006 உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்து நான்கு மேட்சில் ஒரு கோல்கூட வாங்காமல் வெளியேறியது. உக்ரைனோடு 0-0, பிறகு பெனால்டி ஷூட்-அவுட்டில் தோல்வி. அந்தக் கோப்பையை வென்ற இத்தாலி வாங்கியது இரண்டு. ஒன்று சொந்தக் கோல், மற்றொன்று ஃபைனலில் ஜிதானின் பெனால்டி.

நம் நாட்டு அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் மார்ச் முதல் ஜூன் வரை இந்தியா தொடர்ந்து எட்டு மேட்சில் கோல் வாங்கவில்லை. மியான்மர், கிர்கிஸ்தான், மங்கோலியா, வனுவாட்டு, லெபனானோடு இரண்டு முறை, பாகிஸ்தான், நேபாளம். எல்லாம் இம்பால், புவனேஸ்வர், பெங்களூரு என்று நம் மண்ணில். ஒன்பதாவது மேட்சில் குவைத்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் விழுந்ததும் அன்வர் அலியின் சொந்தக் கோல்தான். அந்த நாட்களில் "நம்ம டிஃபென்ஸ் இரும்பு" என்று எங்கள் மைதானத்தில் எல்லோரும் பேசினார்கள். நானும் பேசினேன். 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியாவிடம் 2, உஸ்பெகிஸ்தானிடம் 3, சிரியாவிடம் 1. மூன்று மேட்சில் ஆறு கோல்.

அன்வர் அலி காயத்தால் அங்கே ஆடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பெரிய காரணம் எதிரிகளின் தரம். எட்டு கிளீன் ஷீட் பொய்யில்லை. யாருக்கு எதிராக என்ற வரி அந்த எண்ணுக்குள் இல்லை, அவ்வளவுதான். எந்தத் தடுப்பு எண்ணைப் பார்த்தாலும் பக்கத்தில் எதிரணியின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ஜி, எக்ஸ்ஜி என்கிறார்களே, அது டிஃபென்ஸுக்கு எப்படி உதவும்?

எக்ஸ்பெக்டட் கோல்ஸ், அதாவது எதிர்பார்க்கப்படும் கோல், என்பதன் சுருக்கம் அது. ஒவ்வொரு ஷாட்டுக்கும், அதே மாதிரியான பழைய ஷாட்டுகள் ஆயிரக்கணக்கில் என்ன ஆயின என்று பார்த்து ஒரு மதிப்புப் போடுவார்கள். கோலுக்கு எவ்வளவு தூரம், என்ன கோணம், காலா தலையா, கிராஸில் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அடிக்கும் பந்து) வந்ததா தரைப் பாஸில் வந்ததா. பெனால்டிக்கு 0.78 அளவில் மதிப்பு, அதாவது நூறில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே உள்ளே போகும். சாதாரண ஷாட் சராசரியாகப் பத்துக்கு ஒன்று.

நம் அணிக்கு எதிராக வந்த ஷாட்டுகளின் மதிப்பையெல்லாம் கூட்டினால், எதிரிக்கு எவ்வளவு தரமான வாய்ப்பு விட்டோம் என்று தெரியும். ஷாட்டுகள் கோல்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அதிர்ஷ்டத்தின் இரைச்சல் குறைகிறது. பத்துப் பன்னிரண்டு மேட்ச் முடிந்த நிலையில், வாங்கிய கோலைவிட இந்தக் கூட்டுத்தொகைதான் அடுத்து என்ன நடக்கும் என்பதற்கு நல்ல குறிப்பு. எண்களில் எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது இதில்தான்.

கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தாலும் மேட்ச் ஒன்றாக இருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். தூரத்திலிருந்து 0.1 மதிப்பில் பத்து ஷாட் விட்டாலும் கூட்டினால் 1, கோல் வாசலில் 0.5 மதிப்பில் இரண்டு ஷாட் விட்டாலும் 1. முதல் அணி கோலே வாங்காமல் தப்பிக்க நூற்றுக்கு 35 வாய்ப்பு. இரண்டாவது அணிக்கு 25தான்.

இப்போது பர்ன்லி. அந்த நல்ல சீசனில் அவர்கள் வாங்கிய கோல் எக்ஸ்ஜி சொன்னதைவிடக் குறைவு. கணக்குப் பார்ப்பவர்கள் அதிர்ஷ்டம் என்றார்கள். மேட்ச் பார்த்தவர்கள் வேறு ஒன்றைக் காட்டினார்கள்: டைச்சின் ஆட்கள் ஷாட்டைத் தடுக்க ஓடுவதைவிட, பந்துக்கும் கோலுக்கும் நடுவில் ஆட்களை அடுக்குவார்கள். பெனால்டி பாக்ஸுக்குள் கூட்டம். எதிரி அடிப்பான், ஆனால் அடிக்க இடைவெளி இருக்காது. தூரத்தையும் கோணத்தையும் மட்டும் பார்க்கும் ஒரு எக்ஸ்ஜி கணக்குக்கு, நடுவில் ஐந்து பேர் நின்றாலும் யாரும் நிற்காவிட்டாலும் அந்த ஷாட் ஒன்றுதான். டிஃபெண்டர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளும் கணக்குகள் பிறகு பரவலாக வந்தன. சரி, அடுத்த சீசனில் 68 வாங்கியதே? இரண்டு தரப்பும் பாதிப் பாதி சரி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த முறைக்கு ஒரு பலன் இருந்தது, அந்த வருடம் அதன் மேல் அதிர்ஷ்டமும் உட்கார்ந்திருந்தது.

இன்னொரு பெரிய ஓட்டை: ஷாட்டே வராவிட்டால் எக்ஸ்ஜி பூஜ்யம். கோல் வாசலில் இரண்டு பேர் காத்திருக்க, குறுக்கே வரும் தரைப் பாஸைக் கால் நுனியில் தட்டிவிடுகிறான் ஒரு பேக். அங்கே பெரிய ஆபத்து இருந்தது, கணக்கில் ஒன்றும் ஏறாது.

டேக்கிள் அதிகம் போடுபவர்தானே நல்ல டிஃபெண்டர்?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன்.

கபடியை நினைத்துப் பாருங்கள். பாடி வருபவர் கோட்டைத் தாண்டி வருகிறார். கார்னரில் நிற்பவர் சரியான தூரத்தில், சரியான வளைவில் நிற்கிறார். போனஸுக்குக் கால் வைக்க இடமில்லை, தொடவும் ஆள் எட்டவில்லை. முப்பது நொடி முடிவதற்குள் வெறுங்கையோடு திரும்பிப் போகிறார். ஸ்கோர் ஷீட்டில் அந்தக் கார்னர் ஆட்டக்காரர் பெயரில் என்ன எழுதுவார்கள்? ஒன்றுமில்லை. காலைப் பிடித்து இழுத்தவருக்குத்தான் டேக்கிள் பாயின்ட். கபடி தெரிந்த யாரும் அந்தக் கார்னரைச் சும்மா நின்றவர் என்று சொல்ல மாட்டார்கள்.

கால்பந்துத் தடுப்பாட்டத்தின் பெரும் பகுதி இந்த வெறுங்கை ரெய்டு மாதிரிதான். பேக் சரியான இடத்தில் நிற்பதால் பாஸ் அந்தப் பக்கம் வருவதே இல்லை. ஃபார்வர்டு திரும்பிப் பார்க்கிறான், வழியில்லை, பின்னால் தட்டிவிடுகிறான். அங்கே என்ன நடந்தது? ஒரு பின்-பாஸ் நடந்தது, எதிரணி கணக்கில். நம் பேக் பெயரில் எதுவும் இல்லை. டேக்கிள் என்பது ஆள் ஏற்கெனவே பந்தோடு நம் முன்னால் வந்துவிட்ட பிறகு நடக்கும் காரியம். தன் இடத்தை விட்டு வெளியே போய், ஆளைத் தப்பவிட்டு, பின்னால் ஓடிவந்து பாய்ந்து பிடித்தால் அதுவும் ஒரு டேக்கிள்தான். கைதட்டலும் கிடைக்கும்.

ஸ்பெயினின் ஷாபி அலோன்சோ 2011-ல் ஒரு பேட்டியில், டேக்கிள் கடைசி வழி மட்டுமே, இளம் வீரர்கள் அதைத் தங்கள் திறமையாகச் சொல்லிக்கொள்வது தனக்குப் புரியவில்லை என்ற பொருளில் பேசினார். இதே விஷயத்தில் யாப் ஸ்டாம் கதையும் உண்டு. 2001 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் அவரை லாட்ஸியோவுக்கு விற்றது. அவருடைய டேக்கிள் எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்துத்தான் மேனேஜர் ஃபெர்குசன் அந்த முடிவுக்கு வந்தார் என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. ஃபெர்குசன் தன் வாயால் சொன்ன காரணம் குதிகால் தசைநார்க் (அக்கிலிஸ்) காயமும், வந்த பெரிய தொகையும். அதை ஒரு தவறு என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். முந்தைய சீசனில் லீக்கில் 31 கோல் வாங்கிய யுனைடெட் அந்த சீசனில் 45 வாங்கியது. டேக்கிள் எண்தான் காரணமோ இல்லையோ, வயது ஏற ஏற நல்ல ஸ்டாப்பருக்கு டேக்கிள் குறையும். ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார், பாய வேண்டிய தேவை வருவதில்லை.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு என் பையன் ஒருவன், பதினைந்து வயது, ஒரு தேர்வு முகாமுக்குப் போனான். மேட்ச் ஆடவிட்டு ஒரு தாளில் டேக்கிள், ஹெடர், பந்தை அடித்து விலக்கியது என்று கோடு போட்டார்கள். இவன் பெயரில் இரண்டே டேக்கிள். எதிரே நின்ற ஃபார்வர்டு அந்த மேட்சில் பந்தைத் தொட்டதே அரிது. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இவனை எடுக்கவில்லை, அந்தப் பக்கம் நான்கு முறை ஆளை விட்டுவிட்டுத் துரத்திப் பிடித்த பையனை எடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் "இன்னும் நிறைய விழுந்து எடுக்கணுமா அண்ணா?" என்று கேட்டான். நான் இப்படி எழுத ஆரம்பித்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

பந்து வைத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ப டேக்கிள் எண்ணைத் திருத்துகிறார்களாமே?

ஆமாம், அது நியாயமான திருத்தம். பந்து நம்மிடமே இருந்தால் டேக்கிள் போட வாய்ப்பே குறைவு. ஒரு அணியிடம் பந்து 65 சதவீத நேரம் இருக்கிறது, அதன் பேக் மேட்சுக்கு 2 டேக்கிள். இன்னொரு அணியிடம் 40 சதவீதம்தான், அதன் பேக் 3.5. எதிரியிடம் பந்து பாதி நேரம் இருந்தால் என்று இரண்டையும் சமன் செய்தால் முதலாமவருக்கு 2.9, இரண்டாமவருக்கும் 2.9. வித்தியாசம் முழுக்க மறைந்துவிட்டது.

ஆனால் இது எவ்வளவு அடிக்கடி டேக்கிள் போடுகிறார் என்பதை மட்டும் சரிசெய்கிறது. எவ்வளவு நன்றாகத் தடுக்கிறார் என்பது அப்படியே கேள்வியாகவே நிற்கிறது.

லிவர்பூல் டிஃபெண்டர் வான் டைக்கை ஒரு சீசன் முழுக்க யாரும் பந்தை உருட்டிக்கொண்டே தாண்டவில்லையே, அது நல்ல எண் இல்லையா?

நல்ல எண்தான். 2018-19 பிரீமியர் லீக் சீசனில் ஒருவரும் அவரைத் தாண்டவில்லை. 2019 ஆகஸ்டில் ஆர்சனலின் நிக்கோலா பெப்பே தாண்டியபோது அதுவே செய்தியானது. லிவர்பூல் 2018-19 சீசனில் 22 கோல்தான் வாங்கியது.

அதிலும் இரண்டு விஷயம் பாருங்கள். அவர் பெரும்பாலும் பாய மாட்டார். பின்வாங்கிக்கொண்டே போவார், ஃபார்வர்டை வெளிப்பக்கம் தள்ளுவார், உதவிக்கு ஆள் வரும்வரை நேரம் வாங்குவார். பாயாதவரைத் தாண்டுவது கஷ்டம். இரண்டாவது, அவர் பெயர் பரவியதும் ஃபார்வர்டுகளே பக்கத்து ஆளிடம் போக ஆரம்பித்தார்கள். யாரும் மோதாத டிஃபெண்டருக்கு மோதல் எண்கள் எப்படி ஏறும்? கிரிக்கெட்டில் ஒரு முனையில் ஒருவர் டாட் பாலாகப் போட்டு நெருக்க, பேட்ஸ்மேன் பொறுமையிழந்து மறுமுனையில் தூக்கி அடித்து அவுட் ஆவது மாதிரி. விக்கெட் மறுமுனைக்காரர் கணக்கில்.

பிபிடிஏ என்றால் என்ன?

எதிரணி எத்தனை பாஸ் போட்ட பிறகு நாம் ஒரு தடுப்பு முயற்சி செய்கிறோம் என்ற கணக்கு. 2014-ல் காலின் டிரெய்னர் என்பவர் அறிமுகப்படுத்தினார். நம் கோல் பக்கத்து ஐந்தில் இரண்டு பங்கை விட்டுவிட்டு மீதி மைதானத்தில் மட்டும் பார்ப்பார்கள். எதிரி அங்கே 240 பாஸ், நாம் டேக்கிள், இன்டர்செப்ஷன் (பாஸை நடுவில் வெட்டுவது), ஃபவுல் எல்லாம் சேர்த்து 24 என்றால் பிபிடிஏ 10. நாம் 12 முயற்சிதான் என்றால் 20. எண் குறையக் குறைய, முன்னேறிப் போய் நெருக்குகிற அணி.

இது பாணியைச் சொல்கிற எண், தரத்தைச் சொல்கிற எண் இல்லை. ஏப்ரல் வெயிலில் மூன்றரை மணிக்கு ஆரம்பிக்கும் மேட்சில் பிபிடிஏ 7 வைக்கச் சொல்கிற கோச், அறுபதாவது நிமிடத்தில் தன் பையன்கள் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்ப்பார். பின்வாங்கி நின்று 18 வைத்து மேட்சை முடிக்கிற அணி மோசமான டிஃபென்ஸ் ஆகிவிடாது.

கோல்கீப்பரின் பங்கை எப்படிப் பிரிப்பது?

ஷாட் அடித்த பிறகு பந்து கோலின் எந்த மூலைக்குப் போகிறது என்பதையும் சேர்த்து இன்னொரு மதிப்புப் போடுகிறார்கள். கோலை நோக்கி வந்த ஷாட்டுகளுக்கு அந்த மதிப்பைக் கூட்டி, உண்மையில் வாங்கிய கோலைக் கழித்தால் கீப்பர் காப்பாற்றியது எவ்வளவு என்று வரும். மதிப்பு 32, வாங்கியது 27 என்றால் ஐந்து கோல் கீப்பர் புண்ணியம். அந்த அணியின் டிஃபென்ஸைப் புகழுமுன் அந்த ஐந்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முழுதாகப் பிரியாது என்பதும் உண்மை. பின்னால் இருந்து கத்தி ஆளை நிறுத்துகிற கீப்பர், கிராஸை முன்னேறி வந்து பிடித்துவிடுகிற கீப்பர், ஷாட்டே வராமல் செய்கிறார். அந்த எண்ணில் அது இல்லை.

ஸ்கோர் எண்களைக் கெடுக்கும் என்கிறீர்கள். எப்படி?

முன்னிலை வந்தவுடன் அணிகள் பின்வாங்கும். எதிரிக்கு ஷாட் கூடும், நம் டேக்கிள், ஹெடர், விலக்கியது எல்லாம் கூடும். மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஆட்டமே தலைகீழாகத் தெரியும். 2014 உலகக் கோப்பை அரையிறுதி எங்கள் பகுதியில் யாருக்கும் மறக்காது, இங்கே பாதி வீட்டில் பிரேசிலின் மஞ்சள் சட்டை உண்டு. ஜெர்மனி 7, பிரேசில் 1. இருபத்து மூன்றாவது நிமிடத்திலிருந்து ஆறு நிமிடத்துக்குள் நான்கு கோல். ஆனால் மொத்த ஷாட் எண்ணிக்கையில் பிரேசில்தான் அதிகம், பந்தும் அவர்களிடம்தான் கொஞ்சம் அதிகம். 0-5 ஆன பிறகு வந்த ஷாட்டுகளை வைத்து ஜெர்மனியின் டிஃபென்ஸை எடைபோட முடியாது. ஸ்கோர் சமமாக இருந்த நேரத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். சிவப்பு அட்டைக்குப் பிந்தைய நேரத்தையும் தனியாக வையுங்கள்.

கார்னர், ஃப்ரீ கிக்கைத் தனியாகப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். ஓடும் ஆட்டத்தில் தடுப்பதும் நின்ற பந்தில் தடுப்பதும் வேறு வேறு வேலை. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐஎஸ்எல் ஃபைனல். லீக் அட்டவணையில் பெங்களூரு 40 புள்ளியோடு முதலிடம், நம் சென்னையின் எஃப்சி 32 புள்ளியோடு இரண்டாமிடம். சுனில் சேத்ரி ஆரம்பத்திலேயே கோல் போட்டுவிட்டார். அப்புறம் கார்னரில் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் ஒன்று, பாதிநேரத்துக்குச் சற்று முன் மறுபடி கார்னர், மறுபடி அவர் தலை. 3-2 என்று கோப்பை நம் பக்கம். மொத்தமாகக் கூட்டிய எந்தத் தடுப்பு எண்ணிலும் அந்த இரண்டு கார்னர் தெரியாது.

கேமராவில் எல்லா ஆட்டக்காரரின் இடத்தையும் பதிவு செய்கிறார்களே, அது வந்தால் பிரச்சினை தீர்ந்ததா?

பாதி தீரும். நொடிக்கு 25 முறை 22 பேரும் எங்கே என்று பதிவாகிறது. எந்த இடம் யார் கட்டுப்பாட்டில், எந்தப் பாஸ் வழி அடைபட்டது என்றெல்லாம் கணக்கிடலாம். டேக்கிள் எண்ணுவதோடு ஒப்பிட்டால் இது வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம்.

எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. ஒரு ரைட் பேக் முன்னேறிப் போய்ப் பின்னால் இடம் விட்டுவிட்டார், அங்கே கோல் விழுந்தது. போகச் சொன்னது கோச்சா, அவராகப் போனாரா? அந்த இடத்தை மூட வேண்டியது ஸ்டாப்பரா, நடு ஆட்டக்காரரா? அணிக்குள் பேசிவைத்தது என்ன என்று தெரியாமல் யார் தவறு என்று எந்தக் கேமராவாலும் சொல்ல முடியாது. டிவியில் பார்க்கும் நமக்கு இன்னும் கஷ்டம். டிவி பந்தைத் தொடரும். பந்துக்கு நாற்பது மீட்டர் தள்ளி ஒரு டிஃபெண்டர் செய்யும் முக்கியமான வேலை திரைக்குள்ளேயே வராது.

ஆப்பில் வரும் ரேட்டிங், 7.4, 6.8, அதை நம்பலாமா?

டிஃபெண்டருக்கு வேண்டாம். எண்ணக்கூடிய செயல்களுக்கு மதிப்பெண் கூட்டிக் கழித்து வருவது அது. மேலே டேக்கிள் பற்றிச் சொன்ன எல்லாமே அதற்குள் ஒளிந்திருக்கிறது.

எங்கள் பகுதி அணிக்கு எந்த ஆப்பும் இல்லை. நாங்கள் எதைக் குறித்துவைக்கலாம்?

ஒரு கோடு போடாத நோட்டு, இரண்டு பேர் போதும். நான் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கத்தில் மைதானப் படம். எதிரணி பந்தோடு நம் பெனால்டி பாக்ஸுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் நுழைந்த இடத்தில் ஒரு புள்ளி. பாஸில் வந்ததா, ஓடி வந்ததா, கிராஸா என்று ஒரு எழுத்து. ஐந்தாறு மேட்சுக்கு அப்புறம் புள்ளிகளைப் பார்த்தாலே தெரியும். போன வருடம் எங்களுக்கு இடது பக்கம் புள்ளிகள் குவிந்தன. நான் லெஃப்ட் பேக் பையனைக் குறை சொல்ல இருந்தேன். திரும்ப யோசித்தபோது, அவன் முன்னால் ஆடும் விங்கர் திரும்பி ஓடி வருவதே இல்லை, இவன் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரோடு தனியாக நிற்கிறான் என்பது புரிந்தது. டிஃபென்ஸ் எண்ணை நான்கு பேக்குகளின் தலையில் கட்டாதீர்கள்.

ஷாட்டுக்கு ஒரு பட்டியல். எங்கிருந்து, காலா தலையா, பந்துக்கும் கோலுக்கும் நடுவில் நம் ஆள் எத்தனை பேர். பர்ன்லி சொல்லிக்கொடுத்த பாடம் அந்தக் கடைசி விவரம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. "திருப்பி அனுப்பியது" என்று பெயர் வைத்திருக்கிறோம். எதிரி பந்தோடு நம் ஆளைப் பார்த்து நிற்கிறான், முன்னே போக வழியில்லாமல் பின்னாலோ பக்கவாட்டிலோ கொடுக்கிறான். நம் ஆள் பெயரில் ஒரு கோடு. பந்தைத் தொட்டிருக்கவே வேண்டாம். இதில் கண்ணோட்டம் கலக்கும், அதனால் இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்துவிட்டு மேட்ச் முடிந்ததும் ஒப்பிடுவார்கள். ஆரம்பத்தில் இருவரும் ஒத்துப்போனது ரொம்பக் குறைவு. அந்த வாக்குவாதத்தில்தான் பையன்கள் அதிகம் கற்றுக்கொண்டார்கள். காயம்பட்டு உட்கார்ந்திருக்கும் பையனிடம் நோட்டைக் கொடுத்தால் திரும்பி வரும்போது நன்றாக ஆடுகிறான், இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் நான்கைந்து பாஸ் பின்னால் போய் முதல் தவறை எழுதுங்கள். கடைசியாகத் தாண்டப்பட்டவன் பெயர் பெரும்பாலும் அங்கே இருக்காது.

மைதானத்தின் நிலையையும் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கும் மைதானத்தில் எல்லோரும் பந்தைத் தூக்கித்தான் அடிப்பார்கள். அந்த மேட்சின் "விலக்கியது" எண்ணைக் காய்ந்த மைதானத்து எண்ணோடு கூட்டினால் ஒன்றும் விளங்காது.

எண்ணே இல்லாமல், மைதானத்தில் உட்கார்ந்து ஒரு டிஃபெண்டரை எப்படிப் பார்ப்பது?

நேரு ஸ்டேடியத்தில் ஓட்டப் பாதை குறுக்கே இருப்பதால் கீழ் வரிசையில் ஆட்டம் தூரமாகத் தெரியும், உயரமாக இருக்கும் இருக்கைகளுக்குப் போங்கள். கோலுக்குப் பின்பக்கம் என்றால் இன்னும் நல்லது, பின்வரிசை நான்கு பேரின் இடைவெளி அங்கிருந்துதான் சரியாகத் தெரியும். ஒரு ஸ்டாப்பரைத் தேர்ந்தெடுங்கள். முதல் கால் மணி நேரம் பந்தைப் பார்க்காதீர்கள், அவருடைய தலையைப் பாருங்கள். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது எத்தனை முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்? பாஸ் கிளம்புவதற்கு முன்பே நகர்கிறாரா, கிளம்பிய பிறகா? பக்கத்து ஸ்டாப்பர் வெளியே போனால் இவர் அந்த இடத்துக்கு நழுவுகிறாரா? கையைக் காட்டி யாரையாவது நிறுத்துகிறாரா?

முதல் தடவை ஐந்து நிமிடம்கூடத் தாங்காது, கண் தானாகப் பந்துக்கு ஓடிவிடும். நான்காவது ஐந்தாவது மேட்சில் பழகிவிடும். பக்கத்தில் ஒரு பையனை உட்காரவைத்துக்கொண்டால் இன்னும் சீக்கிரம் பழகும், நீங்கள் பந்தைப் பார்க்கும்போதெல்லாம் அவன் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவான்.